ஆறாவது ஆள் எங்கே போனார்?

கேள்வி | ஜூலை 8, 2024

பைத்தான் நிரல்மொழி கற்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. வருகைப் பதிவேட்டில் பத்துப் பெயர்கள். பெயர்கள்[3:6] என்று எழுதினால் மூன்று பேர்தான் வருகிறார்கள். 3, 4, 5, 6 என்று நான்கு பேர் வர வேண்டாமா? ஆறாவது ஆளை ஏன் விட்டுவிடுகிறது? எண்ணத் தெரியாதது இந்த மொழியை உருவாக்கியவருக்கா, எனக்கா?

ஜூலை 8, இரவு

இருவருக்கும் தெரியும். ஸ்லைஸில் (பட்டியலில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதில்) தொடக்க எண் சேரும், முடிவெண் சேராது. [3:6] என்றால் 3, 4, 5. அவ்வளவுதான்.

பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறி ஆறாவதில் இறங்குகிறீர்கள். ஜன்னல் வழியாக நான்கு பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நடத்துனர் மூன்று ஸ்டேஜுக்குத்தான் காசு வாங்குவார். ஸ்லைஸ் நடத்துனர் கட்சி.

ஜூலை 9, காலை

பல் துலக்கும்போது உறைத்தது. நேற்று உங்கள் கேள்வியைச் சரியாகப் படிக்காமலே பதில் எழுதிவிட்டேன். ஆறாவது ஆள் எங்கும் போகவில்லை, வந்திருக்கிறார்! பைத்தானில் எண் 0-இல் தொடங்குகிறது. 3, 4, 5 என்ற எண்களில் இருப்பவர்கள் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஆட்கள். காணாமல் போனவர் மூன்றாவது ஆள். பட்டியலை விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள்.

இரண்டு குழப்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, 0-இல் தொடங்குவது. இன்னொன்று, முடிவெண் சேராதது.

0-இல் தொடங்குவதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு சொல்வழக்கு இருக்கிறது. குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டால் பாட்டி என்ன சொல்வார்? "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது." பைத்தான் சொல்வது அந்த முடிந்த கணக்கு. இவருக்கு முன்னால் எத்தனை பேர் முடிந்தார்கள் என்பதுதான் அவருடைய எண். முதல் ஆளுக்கு முன்னால் யாரும் இல்லை, அதனால் 0. நாம் விரல்விட்டு எண்ணுவது நடப்புக் கணக்கு.

ஜூலை 9, மதியம்

இந்த வழக்கத்துக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 ஆகஸ்டில் கையெழுத்தில் எழுதிய ஒரு சிறு குறிப்பு. அவருடைய வரிசையில் 831-ஆவது. 2 முதல் 12 வரையுள்ள எண்களைச் சொல்ல நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறார்: இரு முனையும் சேர்வது, இரண்டும் சேராதது, தொடக்கம் மட்டும் சேர்வது, முடிவு மட்டும் சேர்வது. தொடக்கம் சேர்ந்து முடிவு சேராத வழியில், அதாவது 2-இலிருந்து 13-க்கு முன்பு வரை என்று சொல்வதில், இரண்டு வசதிகள். 13-இலிருந்து 2-ஐக் கழித்தால் எத்தனை எண்கள் என்று தெரிந்துவிடும். அடுத்த துண்டு அதே 13-இல் தொடங்கும், ஒன்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். (முடிவு மட்டும் சேரும் வழிக்கும் இவை உண்டு. ஆனால் 0-இலிருந்து எடுக்க அங்கே -1 என்று தொடங்க வேண்டியிருக்கும்.) ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான மேசா என்ற மொழியில் நான்கு வழிகளுக்கும் குறியீடு இருந்ததாம். மற்ற மூன்றும் தவறுகளுக்கே வழி செய்தன என்று அங்கு பழகியவர்கள் கண்டதாகவும் எழுதுகிறார்.

எனக்குப் பிடித்த காரணம் வேறு: ஒன்றுமில்லாததைச் சொல்ல முடிகிறது. [4:4] என்றால் யாரும் இல்லை. இரு முனையும் சேரும் முறையில் இதைச் சொல்ல "4 முதல் 3 வரை" என்று எழுத வேண்டும். ஒன்றுமில்லாததைப் பற்றி எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

ஜூலை 11

"வரை என்றால் அதுவும் சேர்த்துத்தானே, தமிழில் இதில் சந்தேகமே கிடையாதே" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடையாதா? "வெள்ளி வரை விடுமுறை" என்று பள்ளியில் அறிவித்தால், வெள்ளிக்கிழமை பையனை அனுப்புவதா வேண்டாமா என்று எத்தனை வீட்டில் போன் போட்டுக் கேட்டிருக்கிறோம்? இந்தத் தொல்லைக்காகத்தான் அரசு ஆணைகளில் "01.04 முதல் 30.04 முடிய" என்று எழுதுவார்கள். முடிய என்றால் அந்த நாளும் முடியத்தான். வரை, முடிய இரண்டையும் தனித்தனி அர்த்தத்தில் வைத்து ஒரு நிரல்மொழி செய்தால் நான் முதல் ஆளாகக் கற்றுக்கொள்வேன்.

ஜூலை 12

யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பாண்டாஸில் (பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் நூலகம்), இடத்தின் எண்ணை வைத்து எடுக்கும் ஐலாக் முடிவெண்ணை விட்டுவிடும், லாக் முடிவைச் சேர்த்துக்கொள்ளும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

கோபம் வரும், ஆனால் காரணம் நியாயமானது. லாக் எண்ணை வைத்து எடுப்பதில்லை, பெயரை வைத்து எடுக்கிறது. மாதங்கள் வரிசையாக உள்ள அட்டவணையில் 'சித்திரை':'ஆவணி' என்று கேட்கிறீர்கள். முடிவு சேராது என்றால் ஆவணியைப் பெற 'புரட்டாசி' என்று எழுத வேண்டும். எண்ணாக இருந்தால் ஒன்று கூட்டிவிடலாம். ஒரு பெயருக்கு அடுத்த பெயர் எது என்று எல்லா இடத்திலும் தெரிந்திருக்குமா?

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. அகர வரிசையில் அடுக்கிய பெயர்ப் பட்டியலில் 'க':'ச' என்று கேட்டேன். முடிவு சேரும், ஆகவே சரவணன், சாந்தி எல்லோரும் வருவார்கள் என்று நம்பினேன். ஒருவரும் வரவில்லை. 'ச' என்ற ஒற்றை எழுத்தையே பெயராகக் கொண்டவர் இருந்தால் அவர் மட்டும் வந்திருப்பார். 'சரவணன்' அகராதியில் 'ச'-வுக்குப் பின்னால்தானே வருகிறார். முடிவைச் சேர்த்தும் பயனில்லை.

ஜூலை 17

இன்று ஆடி ஒன்று. அந்தப் பழைய காயத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

பல வருடங்களுக்கு முன் சீட்டு நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர் பட்டியல் சேர்ந்த தேதிப்படி இருக்கும். புதியவர்கள் கடைசியில். தினமும் மாலை, அன்று சேர்ந்தவர்களுக்கு மட்டும் "எங்கள் குடும்பத்தில் இணைந்தமைக்கு நன்றி" என்று குறுஞ்செய்தி போக வேண்டும். அன்று சேர்ந்தவர் எண்ணிக்கை கையில் இருக்கிறது. நான் எழுதியது:

உறுப்பினர்கள்[-எண்:]

கடைசி இத்தனை பேர் என்று பொருள். மூன்று பேர் சேர்ந்தால் [-3:]. பங்குனியில் போட்டோம். சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் ஒழுங்காக ஓடியது. தினம் ஒருவராவது சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆடி முதல் தேதி யார் புதுச் சீட்டில் சேருவார்கள்? எண் = 0. கழித்தல் 0-வும் 0 தான். [-0:] என்றால் [0:], அதாவது தொடக்கத்திலிருந்து எல்லோரும். ஒருவருக்கும் போகக் கூடாத செய்தி 812 பேருக்கும் போனது. பதினோரு வருடமாகச் சீட்டுக் கட்டிவந்த ஒரு பெரியவர் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து, தன் பழைய சீட்டை மூடிவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிட்டார்களா என்று கேட்டாராம். முதலாளி என்னைத் திட்டவில்லை. "தம்பி, ஆடியிலே இத்தனை பேரைச் சேர்த்துட்டியே" என்றார். திட்டியிருக்கலாம்.

அன்றே திருத்தினேன். பட்டியலின் நீளத்திலிருந்து கழித்து உறுப்பினர்கள்[நீளம்-எண்:] என்று. எண் 0 என்றால் [812:], காலி. இப்படி எழுதுங்கள், பிழைத்தீர்கள்.

ஜூலை 17, இரவு

பிழைக்கவில்லை. மேலே சொன்ன திருத்தத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் காட்டிவிட்டார். பட்டியலில் 3 பேர்தான், கடைசி 5 பேர் வேண்டும் என்று கேட்கிறோம். பழைய [-5:] மூன்று பேரையும் கொடுத்துவிடும், சரி. என் புதிய முறையில் 3-5 = -2. [-2:] இரண்டு பேரைத்தான் கொடுக்கும். ஒருவர் அவுட். ஸ்லைஸ் எல்லையைத் தாண்டினாலும் கோபிக்காது என்பதால் பிழைச் செய்தியும் வராது, அமைதியாகத் தப்பாக நடக்கும்.

இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது. நீளம்-எண், 0 இரண்டில் எது பெரியதோ அதைத் தொடக்கமாக வையுங்கள். இல்லையென்றால் எண் 0-வா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அழகாக இருக்காது. பரவாயில்லை.

ஜூலை 18

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதுபவர் ஒருவருக்குச் சிரிப்பு. "எங்கள் பக்கம் [-1] என்றால் கடைசி ஆள் இல்லை, முதல் ஆளைத் தவிர மற்றவர்கள்." உண்மை. அங்கே கழித்தல் குறி நீக்கச் சொல்கிறது. அதிகம் சிரிக்க வேண்டாம், அங்கும் இதே நோய் இருக்கிறது. தகுதியில்லாத வரிகளின் எண்களைக் கண்டுபிடித்து, அவற்றைக் கழித்தல் குறியிட்டு நீக்குகிறீர்கள். தகுதியில்லாத வரி ஒன்றுகூட இல்லாத நல்ல நாளில் நீக்க வேண்டிய பட்டியல் காலி. காலிக்கு முன் கழித்தல் குறி போட்டாலும் காலிதான். ஆர் அதை "எதையும் எடுக்காதே" என்று படிக்கும். தரவு முழுவதும் சுத்தமாக இருந்த குற்றத்துக்காக மொத்தமும் காணாமல் போகும். எனக்கு எல்லோரும் வந்தார்கள், அவருக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஜூலை 20

"ஸ்டிரிங்கிலும் இதே ஸ்லைஸ்தானே?" ஸ்டிரிங் என்றால் எழுத்துச் சரம், அதற்கும் இதே ஸ்லைஸ்தான். ஆனால் தமிழ் என்றால் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானிடம் நீளம் கேளுங்கள், ஐந்து என்னும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிமதிப்புகள் (ஒவ்வொரு குறிக்கும் ஒதுக்கிய எண்). கோ மொழியில் கேட்டால் 15. அது யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப் பிடிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது, தமிழுக்கு ஒரு குறிமதிப்புக்கு மூன்று பைட்டு. ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால்தான் 3. ஒரே சொல், மூன்று கணக்கு.

இங்கும் எனக்கு ஒரு கதை உண்டு, இந்த முறை அடையாள அட்டை. பெயருக்கு ஒதுக்கிய இடம் சிறியது. நான் யோசிக்காமல் பெயர்[:10] என்று வெட்டிவிட்டேன். கிருஷ்ணமூர்த்தி 'கிருஷ்ணமூர' ஆனார். தமிழ்ச்செல்வி 'தமிழ்ச்செல' ஆனார். பத்தாவது இடத்தில் மெய்யெழுத்தின் உடல் நிற்கிறது, பதினொன்றில் நின்ற புள்ளி கத்திக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெயர் சுருங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், உச்சரிப்பே மாறிவிட்டது. 'மீனாட்சிசுந்தரம்' மட்டும் தற்செயலாக 'மீனாட்சிசு' என்று எழுத்து எல்லையிலேயே நின்றார். சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட பெயர் அதுதான் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே முதலில் எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் வெட்டுங்கள். பிரிக்கும் விதி எளிது: ஓர் எழுத்தின் உடலும் அதைத் தொடரும் குறிகளும் ஒரு கட்டு. உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய கட்டோடு ஒட்டு, இல்லையென்றால் புதுக் கட்டு. ஆறேழு வரிதான். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகத்திலும் இதற்குத் தயாராக ஒரு செயற்கூறு இருக்கிறது.

இடையில் ஒரு விஷயம். மேலே உறுப்பினர்கள், எண் என்றெல்லாம் எழுதியது உங்களுக்குப் புரிவதற்காகச் செய்த மொழிபெயர்ப்பு என்று நினைத்தீர்களோ? பைத்தான் 3 வந்த 2008-இலிருந்தே மாறிகளுக்கு, அதாவது நிரலில் மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு, தமிழில் பெயர் வைக்கலாம். அப்படியே ஓடும்.

ஜூலை 21

வெட்டுவதைவிடத் திருப்பிப்போடுவது வேடிக்கை. 'தமிழ்'[::-1] என்று கொடுத்தால் 'ழ்மித' வர வேண்டும். வருவது: முதலில் ஆதரவில்லாத ஒரு புள்ளி, பிறகு 'ழிமத'. மகரத்தின் மேல் இருந்த இகரக் குறி ழகரத்துக்குத் தாவிவிட்டது.

இருபுறமும் ஒரே மாதிரி வாசிக்கும் சொல்லா என்று சோதிக்கும் நிரலை எல்லா வகுப்பிலும் எழுதச் சொல்வார்கள். விகடகவியைக் கொடுத்துப் பாருங்கள். "இல்லை" என்று பதில் வரும். வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்தால்தான் ஒத்துக்கொள்ளும். மாலைமாற்றுப் பதிகம் பாடிய சம்பந்தர் கணினிக்காரர்களிடம் மாட்டாமல் தப்பித்தார்.

ஜூலை 21, சற்றுப் பின்

க்ஷ, ஸ்ரீ என்ன செய்வது என்று கேள்வி. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நேற்று சொன்ன விதிப்படி 'ஸ்ரீ' இரண்டு கட்டாகும்: ஸ், ரீ. யூனிகோடின் பொது விதியும் தமிழுக்கு அப்படித்தான் பிரிக்கிறது. கண்ணுக்கு ஒன்று. லக்ஷ்மியை இரண்டு எழுத்தில் வெட்டினால் 'லக்' என்று நிற்கும். இந்த இரண்டையும் தனி விதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் லக்ஷ்மி என்று எழுதுபவர் யாரும் இல்லை, எல்லோரும் லட்சுமி.

ஜூலை 27

வெட்டி எடுத்த துண்டை மாற்றினால் மூலமும் மாறுமா?

மொழியைப் பொறுத்தது. பைத்தான் பட்டியலில் ஸ்லைஸ் என்பது ஜெராக்ஸ். அதில் கிறுக்கினால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. (பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் உள்ளே இருப்பது ஜெராக்ஸ் ஆகாது. வெளி உறை மட்டும்தான் புதியது.) எண் அணிகளுக்கான நம்பை நூலகத்தில் ஸ்லைஸ் ஜெராக்ஸ் இல்லை. அதே தாளைப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பது. அதில் எழுதினால் மூலத்திலேயே எழுதுகிறீர்கள். அதே நம்பையில் அணி[[3, 4, 5]] என்று எண்களைப் பட்டியலாகக் கொடுத்தால் ஜெராக்ஸ்! எடுத்த உறுப்புகள் ஒன்றே, நடத்தை வேறு.

கோ மொழியிலும் எட்டிப் பார்ப்பதுதான், கூடவே ஒரு வம்பு. பத்தில் முதல் மூன்றை [:3] என்று எடுத்து, அந்தத் துண்டின் கடைசியில் ஒன்றை அப்பெண்டு செய்தால், அது மூலத்தின் நான்காவது உறுப்பின் மேலேயே போய் உட்காரும். பின்னால் இடம் காலியாக இருப்பதாகத் துண்டுக்கு நினைப்பு. 1.2 பதிப்பில் இதற்கு மருந்து வந்தது. [:3:3] என்று மூன்றாவது எண் கொடுத்தால் கொள்ளளவும் மூன்றோடு நிற்கும், அப்பெண்டு புது இடம் தேடிக்கொள்ளும்.

ஜாவா பழைய காலத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய கோப்பு ஒன்றைப் படித்து அதில் பத்து எழுத்தை சப்ஸ்டிரிங்காக எடுத்து வைத்தால், அந்தப் பத்துக்காக முழுக் கோப்பும் நினைவகத்தில் தங்கிவிடும். ஜாவா 7-இன் ஆறாவது அப்டேட்டில், 2012-இல், ஜெராக்ஸுக்கு மாறினார்கள்.

ஆகஸ்ட் 3

லூப் (ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் கட்டளை) ஓடும்போதே பட்டியலிலிருந்து இரட்டை எண்களை நீக்கலாமா? [2, 4, 5]-இல் செய்து பாருங்கள், 4 தப்பித்துவிடும். 2 விலகியதும் 4 முன்னால் நகர்ந்துவிட்டது, லூப் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. வேண்டாததை நீக்காதீர்கள், வேண்டியதைப் புதுப் பட்டியலில் எடுங்கள். ஆடிப்பெருக்கு, சித்ரான்னம் அழைக்கிறது. இவ்வளவு போதும்.

ஆகஸ்ட் 10

"பெரிய கோப்பு, சோதனைக்கு 500 வரி போதும், [:500] எடுத்துக்கொள்ளட்டுமா?" எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது முழுக் கோப்புக்கும் பிரதிநிதியான மாதிரி இல்லை. ஒருமுறை நான் மாவட்டவாரியாக அடுக்கிய கோப்பில் முதல் 500 எடுத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பின்னர் பார்த்தால் 500-உம் அரியலூர். அகர வரிசையில் அரியலூருக்கு முன்னால் எந்த மாவட்டம் இருக்கிறது?

மொத்தம் எத்தனை வரி என்று தெரியாமலே, ஒரே ஓட்டத்தில் சீராக 500 வரியைப் பொறுக்க ஒரு முறை உண்டு. முதல் 500-ஐ அப்படியே பையில் போடுங்கள். 501-ஆவது வரி வரும்போது 1 முதல் 501 முடிய (முடிய!) ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 500-க்குள் வந்தால் பையில் அந்த இடத்தில் இருப்பவரை எடுத்துவிட்டுப் புதியவரை வையுங்கள். 501 வந்தால் புதியவரை விட்டுவிடுங்கள். 502-ஆவது வரிக்கு 502 வரை குலுக்கல், இப்படியே கடைசி வரை. எங்கே நிறுத்தினாலும் அதுவரை வந்த ஒவ்வொரு வரிக்கும் பையில் இருக்கச் சம வாய்ப்பு. ஜெஃப்ரி விட்டர் 1985-இல் இதைப் பற்றி எழுதி, வேகமான வடிவங்களையும் கொடுத்தார். அடிப்படை முறை ஆலன் வாட்டர்மனுடையது என்று அவரே சொல்கிறார். முதல் தடவை படித்தபோது நம்பாமல் தாளில் நான்கு வரிக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 11

"பைத்தானில் குலுக்கி எடுக்க சாம்பிள், சாய்ஸஸ் இரண்டில் எது?" ஒரே ஆள் இரண்டு முறை வரக் கூடாது என்றால் சாம்பிள். சாய்ஸஸில் சீட்டு மறுபடி குடத்துக்குள் போய்விடும்.

பிப்ரவரி 2, 2025

ஆறு மாதம் கழித்து வருகிறேன். கேள்வி கேட்டவர் வேலைக்குப் போய்விட்டாராம், மகிழ்ச்சி.

நான் பழைய நிரல்களையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து தேடினேன், கழித்தல் குறியில் தொடங்கும் ஸ்லைஸ் எங்கெங்கே எழுதியிருக்கிறேன் என்று. மாறியோடு மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்றில் எண் எப்போதும் 7, தொல்லையில்லை. இன்னொன்றில் 0 வந்தால் முன்னாலேயே நின்றுவிடுகிறது, எழுதியபோது புத்தி தெளிவாக இருந்திருக்கிறது. மூன்றாவது அசல் சீட்டு நிறுவன வகை. திருத்தத்தை எழுதி வைத்துவிட்டேன். அது ஓடுகிற கணினியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு வாரமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.